எஸ்டாப்பலுக்கு ஜெர்மனில் என்ன சொல்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். இங்கிலாந்து நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றையும் அதனோடு இணைத்திருக்கும் வணிகக் குத்தகை ஒப்பந்தத்தையும் ஜெர்மனில் பெயர்க்கிறீர்கள். ‘எஸ்டாப்பல்’, அதாவது ஒருவர் தன் முந்தைய சொல்லுக்கோ செயலுக்கோ மாறாகப் பின்னர் வாதிட முடியாமல் தடுக்கும் கோட்பாடு, பல இடங்களில் வருகிறது. ஒரு அகராதி ‘ஃபெர்விர்குங்’ (உரிமையிழப்பு) என்கிறது, இன்னொன்று ‘ரெஷ்ட்ஸ்மிஸ்ப்ரவுஹ்’ (உரிமையைத் தவறாகப் பயன்படுத்துதல்), மூன்றாவது ‘ப்ரெக்ளுசியோன்’ (வாதத்துக்கு இடமில்லாமல் போதல்). எதை எடுப்பது? ஜெர்மன் தீர்ப்பை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது ‘எஸ்டாப்பல்’ என்று எழுதலாமா?

மூன்று அகராதிகளும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு மூலையைக் காட்டுகின்றன. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே சொல்லைப் போட்டால் பாதி இடங்களில் சட்டமே மாறிப்போகும். முதலில் செய்ய வேண்டியது, பெயர்ச்சொல்லைத் தேடுவதை நிறுத்திவிட்டு வினையைப் பிடிப்பது: யார், எதைச் சொல்ல முடியாமல் போகிறார், எதனால்? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் ஜெர்மன் வாக்கியம் தானாக வந்துவிடும்.

சொல்லின் வேரைப் பார்த்தால் சிக்கல் ஏன் வருகிறது என்று புரியும். பழைய பிரெஞ்சில் அடைப்பது, துளையை மூடுவது என்ற பொருளில் இருந்த வினையிலிருந்து வந்தது இது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் எட்வர்ட் கோக், ஒருவனுடைய சொந்தச் செயலே அவன் வாயை அடைத்துவிடுகிறது, பிறகு உண்மையைக்கூட அவன் வாதமாக வைக்க முடியாது என்று விளக்கினார். அதாவது ஆங்கிலச் சொல் காட்டுவது விளைவை: வாயடைப்பு. ஏன் அடைபட்டது என்பதைச் சொல் சொல்லவில்லை. ஜெர்மன் சட்டம் தலைகீழாகக் காரணத்துக்குப் பெயர் வைக்கிறது: முரணான நடத்தை, நீண்ட மௌனம், உருவாக்கிய தோற்றம், உறுதியான தீர்ப்பு. அதனால்தான் ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு அங்கே நாலைந்து வீடுகள். வேடிக்கை என்னவென்றால், இந்திய சாட்சியச் சட்டத்தின் 115ஆம் பிரிவுக்கும் (இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 121) தமிழில் புழங்கும் ‘முரண்தடை’ என்ற சொல் ஆங்கிலேயச் சட்டத்தின் பிள்ளைதான். ஆனால் பெயரில் முரணை வைத்துக்கொண்டு ஜெர்மன் பக்கம் சாய்ந்து நிற்கிறது. பிரிட்டனுக்குள்ளேயே ஸ்காட்லாந்துச் சட்டத்தில் இதற்குப் பெயர் ‘பெர்சனல் பார்’. ஆக, ஒரே நாட்டிலேயே ஒரே சொல் இல்லை.

வினையைப் பிடிப்பது எப்படி என்பதற்கு நல்ல மாதிரி ஏற்கெனவே இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் ஐ.நா. சர்வதேசச் சரக்கு விற்பனை உடன்படிக்கை, விதி 29(2). ஒப்பந்தத்தை எழுத்தில்தான் மாற்ற வேண்டும் என்று விதி இருந்தாலும், ஒரு தரப்பு தன் நடத்தையால் அந்த விதியைக் கையிலெடுக்க முடியாமல் போகலாம், மறுதரப்பு அந்த நடத்தையை நம்பி நடந்த அளவுக்கு. ஆங்கில மூலமே ‘எஸ்டாப்பல்’ என்ற சொல்லைத் தவிர்த்து, தடுக்கப்படுகிறார் என்று வினையாக எழுதியிருக்கிறது. ஜெர்மன் பேசும் நாடுகள் சேர்ந்து உருவாக்கிய பெயர்ப்பில் ‘டாஃபோன் அவுஸ்கெஷ்லொஸ்ஸென் ஸைன், ஸிஷ் அவுஃப் ஐனெ ஸோல்ஷெ பெஷ்டிம்முங் ட்ஸு பெரூஃபென்’ என்று வருகிறது: அத்தகைய விதியை ஆதாரமாகக் காட்டுவதிலிருந்து விலக்கப்பட்டிருத்தல். இதுதான் உங்கள் அச்சு. ‘எஸ்டாப்ட்’ என்று எங்கே வந்தாலும், ‘இஸ்ட் கெஹிண்டெர்ட், ஸிஷ் டாராவுஃப் ட்ஸு பெரூஃபென்’ (அதை ஆதாரமாகக் காட்டத் தடைபட்டிருக்கிறார்) அல்லது ‘கான் நிஷ்ட் மேர் பெஷ்ட்ரைட்டென்’ (இனி மறுக்க முடியாது) என்பதில் ஒன்று பொருந்தும். எந்தக் கோட்பாட்டின் பெயரையும் இழுத்துவராமல் விளைவை மட்டும் சொல்வதால், தப்பு நடக்க இடமில்லை. ஒப்பந்த வாசகங்களில் பெரும்பாலும் இதுவே போதும்.

தீர்ப்பில் போதாது. அங்கே நீதிபதி எந்த வகை எஸ்டாப்பல் என்று பிரித்து, ஒவ்வொன்றின் கூறுகளையும் சோதிப்பார். வகைவகையாகப் போவோம்.

மிக அதிகம் தவறும் இடம் ‘ஃபெர்விர்குங்’. ஜெர்மனில் இது உரிமையை நெடுநாள் பயன்படுத்தாமல் விட்டதால் அதை இழப்பது. இரண்டு கூறுகள் கட்டாயம்: ‘ட்ஸைட்மொமென்ட்’ என்ற காலக்கூறு, ‘உம்ஷ்டாண்ட்ஸ்மொமென்ட்’ என்ற சூழ்நிலைக்கூறு. போதிய காலம் சும்மா இருந்திருக்க வேண்டும். அதோடு, இனி அந்த உரிமையைக் கேட்க மாட்டார் என்று எதிர்த்தரப்பு நம்பி அதற்கேற்ப நடந்துகொள்ளும்படியான சூழ்நிலையும் இருந்திருக்க வேண்டும். எஸ்டாப்பலுக்குக் காலம் தேவையே இல்லை. ஒரு உதாரணம்: திங்கட்கிழமை காலையில் கட்டட உரிமையாளர் தொலைபேசியில், ‘வாடகையை வெள்ளிக்கிழமைக்குள் போட்டால் போதும், அதற்குமுன் ஒப்பந்தத்தை முறிக்க மாட்டேன்’ என்கிறார். குத்தகைதாரர் கையிலிருந்த பணத்தை அன்றே சரக்குக் கொள்முதலில் போடுகிறார். வியாழக்கிழமை உரிமையாளர் முறிவு அறிவிப்பு அனுப்புகிறார். இங்கிலாந்தில் வழக்கறிஞர் உடனே எஸ்டாப்பலை எடுப்பார். இதை ‘ஃபெர்விர்குங்’ என்று பெயர்த்தால் ஜெர்மன் வாசகருக்கு முதல் கேள்வியே ‘எத்தனை நாள் சும்மா இருந்தார்?’ என்பதுதான். மூன்று நாள் என்றால் வாதம் அங்கேயே செத்துவிடும். இங்கே சரியான சொல் ‘விடர்ஷ்ப்ரூஷ்லிஷெஸ் ஃபெர்ஹால்ட்டென்’, முரணான நடத்தை. சட்டப் பேராசிரியர்கள் லத்தீனில் ‘வெனீரே கோன்ட்ரா ஃபாக்டும் ப்ரோப்ரியும்’ என்பார்கள், தன் செயலுக்கே எதிராக வருதல் என்று பொருள்.

இந்த முரண் கோட்பாட்டுக்குத் தனிப் பிரிவு கிடையாது. 1900 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஜெர்மன் சிவில் சட்டத் தொகுப்பான பி.ஜி.பி.யின் 242ஆம் பிரிவிலிருந்து நீதிமன்றங்கள் வளர்த்தெடுத்தது. கடன்பட்டவர் ‘ட்ரொய் உண்ட் க்ளவுபென்’ கோருகிறபடி, அதாவது நேர்மையும் நம்பிக்கையும் கோருகிறபடி, வழக்கத்தையும் கருத்தில் கொண்டு கடமையைச் செய்ய வேண்டும் என்பதே அந்தப் பிரிவின் மொத்த வாசகம். அதை மட்டும் படித்தால் இத்தனையும் அதற்குள் இருப்பது யாருக்கும் தெரியாது. ஒன்றைக் கவனியுங்கள்: மனம் மாறுவதை ஜெர்மன் சட்டம் அடிப்படையில் அனுமதிக்கிறது. மறுதரப்பில் பாதுகாக்கத் தகுந்த நம்பிக்கை உருவாகியிருந்தாலோ வேறு சிறப்புச் சூழ்நிலை இருந்தாலோதான் முரண் என்பது உரிமையைத் தவறாகப் பயன்படுத்துவதாக ஆகும். ‘ரெஷ்ட்ஸ்மிஸ்ப்ரவுஹ்’ என்று உங்கள் இரண்டாவது அகராதி சொன்னது இந்த மேல்தலைப்பை. எஸ்டாப்பலுக்கு அதைப் போடுவது, ‘மாமரம்’ என்பதற்கு ‘தாவரம்’ என்று பெயர்ப்பது மாதிரி. தவறில்லை, பயனும் இல்லை.

இப்போது வகைகளின் பெயர்களே வைக்கும் பொறிகள். ‘எஸ்டாப்பல் பை ரெப்ரசென்டேஷன்’ என்பதில் உள்ள ரெப்ரசென்டேஷன் ஒரு உண்மை பற்றிய அறிவிப்பு. இயந்திர மொழிபெயர்ப்பில் அது ‘ஃபெர்ட்ரேட்டுங்’ என்று வந்துவிடக்கூடும். அதற்குப் பொருள் பிரதிநிதித்துவம், ஒருவருக்காக இன்னொருவர் செயல்படுவது. வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே இருக்கும் என்பதால் திருத்துபவரும் கவனிக்காமல் போவார். ‘ட்ஸூஸிஷெருங்’ என்ற சொல்லும் ஆபத்துதான். பி.ஜி.பி.யின் பழைய விற்பனைச் சட்டத்தில் உறுதியளிக்கப்பட்ட குணம் என்ற கருத்து அந்தச் சொல்லோடு ஒட்டியிருந்தது, 2002 சீர்திருத்தத்துக்குப் பிறகும் உத்தரவாத வாடை போகவில்லை. ‘டாட்ஸாஷெனெர்க்ளேருங்’, உண்மை பற்றிய கூற்று, என்பது பாதுகாப்பானது. 1854இன் ஜோர்டன் எதிர் மனி வழக்கு இந்த வகையை நடப்பு உண்மைகளோடு நிறுத்தியது, எதிர்கால வாக்குறுதி இதில் சேராது என்பதால் ‘உண்மை’ என்ற பகுதி பெயர்ப்பில் விடுபடவே கூடாது.

‘எஸ்டாப்பல் பை டீட்’ என்பதில் டீட் முறைப்படி எழுதி நிறைவேற்றிய பத்திரம். ‘டாட்’, அதாவது செயல், அல்ல. ‘எஸ்டாப்பல் பை கன்வென்ஷன்’ என்பதில் கன்வென்ஷன் சர்வதேச உடன்படிக்கை அல்ல, இரு தரப்பும் பொதுவாக வைத்து நடந்த அனுமானம். ‘பிண்டுங் ஆன் ஐனெ கெமைன்ஸாம் ட்ஸூக்ருண்டெ கெலேக்டெ ஆன்னாமெ’ என்று விரித்தே எழுத வேண்டும். சுருக்கமான ஜெர்மன் சொல் கிடையாது. இங்கே சிலர் பி.ஜி.பி.யின் 313ஆம் பிரிவின் ‘கெஷெஃப்ட்ஸ்க்ருண்ட்லாகெ’, ஒப்பந்தத்தின் அடித்தளம், என்பதை எடுக்கிறார்கள். அது அடித்தளம் சரியும்போது ஒப்பந்தத்தைத் திருத்தும் வழி. எஸ்டாப்பல் செய்வது நேர்மாறானது: அடித்தளம் தவறு என்று தெரிந்த பிறகும் அதிலேயே நிறுத்தி வைப்பது.

‘ஏஜென்சி பை எஸ்டாப்பல்’ (அதிகாரம் இருப்பதுபோன்ற தோற்றத்தால் வரும் முகவர் உறவு) மட்டும் அதிர்ஷ்டவசமாக நல்ல இணையுள்ளது. நிறுவனத்தின் பெயரால் ஒருவர் செயல்படுவதைத் தெரிந்தே விட்டுவைத்தால் ‘டுல்டுங்ஸ்ஃபோல்மாஹ்ட்’. தெரியாமல், ஆனால் கவனமாக இருந்திருந்தால் தெரிந்து தடுத்திருக்கலாம் என்றால் ‘ஆன்ஷைன்ஸ்ஃபோல்மாஹ்ட்’. இரண்டும் ‘ரெஷ்ட்ஸ்ஷைன்’, உரிமைத் தோற்றம், என்ற குடும்பம். ஆங்கில மூலத்தில் நிறுவனத்துக்குத் தெரிந்திருந்ததா இல்லையா என்று பார்த்து இரண்டில் ஒன்றை எடுங்கள். மூலம் சொல்லாவிட்டால் ‘ரெஷ்ட்ஸ்ஷைன்ஃபோல்மாஹ்ட்’ என்ற பொதுச் சொல்லோடு நின்றுவிடுங்கள்; மூலத்தில் இல்லாத தேர்வைப் பெயர்ப்பாளர் செய்யக் கூடாது.

ப்ராமிசரி எஸ்டாப்பல், அதாவது வாக்குறுதியால் வரும் எஸ்டாப்பல்தான் ஜெர்மன் வாசகரை அதிகம் குழப்புவது, ஆகவே இதை நின்று பார்ப்போம். லண்டன் கிளாப்பமில் ஒரு அடுக்குமாடிக் கட்டடம், 1937இல் 99 ஆண்டுக் குத்தகை, ஆண்டுக்கு 2,500 பவுண்டு. போர் வந்து வீடுகளுக்கு ஆள் கிடைக்கவில்லை. 1940 ஜனவரியில் உரிமையாளர் பாதியாக, 1,250 பவுண்டாக, குறைத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார். பதிலுக்குக் குத்தகைதாரர் எதுவும் தரவில்லை. 1945இல் வீடுகள் நிரம்பியதும் முழுத் தொகை கேட்டார்கள். ஹை ட்ரீஸ் என்று பெயர்பெற்ற இந்த வழக்கில் 1947இல் நீதிபதி டென்னிங், நிலைமை சரியான பிறகு வரும் காலாண்டுகளுக்கு முழு வாடகை உண்டு என்றார். ஆனால் போர்க்காலத்துக்கு விட்டுக்கொடுத்த பாதியைத் திரும்பக் கேட்டிருந்தால் வாக்குறுதி தடுத்திருக்கும் என்றும் சொன்னார்.

இதைச் சொல்லுக்குச் சொல் ஜெர்மனாக்கினால் படிக்கும் வழக்கறிஞர் ‘இதில் என்ன பிரச்சினை?’ என்பார். ஜெர்மன் சட்டத்தில் வாக்குறுதி செல்லுபடியாக எதிர்ப்பயன் தேவையில்லை. இருவரும் ஒத்துக்கொண்டால் ஒப்பந்தம் மாறிவிட்டது. கடனைத் தள்ளுவதற்கு 397ஆம் பிரிவின் ‘எர்லாஸ்’ ஒப்பந்தம் இருக்கிறது. தள்ளிப்போடுவதற்கு ‘ஷ்டுண்டுங்’ இருக்கிறது. இங்கிலாந்தில் ‘கன்ஸிடரேஷன்’ என்ற எதிர்ப்பயன் இல்லாத வாக்குறுதி ஒப்பந்தமாகாது என்பதால்தான் இந்தக் கோட்பாடே தேவைப்பட்டது. அதனால் பெயர்ப்பில் முதல் தடவை வரும்போது அந்தக் காரணத்தையும் ஒரு சொற்றொடரில் கொண்டுவர வேண்டும்: ‘பிண்டுங் ஆன் ஐனெ ஓனெ கேகென்லைஸ்டுங் கெகேபெனெ ட்ஸூஸாகெ’, எதிர்ப்பயனின்றித் தந்த வாக்குறுதிக்குக் கட்டுப்படுதல். அந்த ‘எதிர்ப்பயனின்றி’ இல்லாவிட்டால் பத்தி முழுவதும் அர்த்தமில்லாமல் போகும்.

அதோடு, எந்த நாட்டு ப்ராமிசரி எஸ்டாப்பல் என்று பாருங்கள். இங்கிலாந்தில் 1951இன் கோம்ப் வழக்கிலிருந்து இது கேடயம், வாளல்ல. இதை வைத்தே வழக்குத் தொடுத்துப் பணம் கேட்க முடியாது. ஆஸ்திரேலியாவில் 1988இன் வால்டன்ஸ் ஸ்டோர்ஸ் வழக்கு அந்த எல்லையைத் தாண்டியது. அமெரிக்காவில் ஒப்பந்தச் சட்டத்தின் இரண்டாம் ரீஸ்டேட்மென்ட் (சட்ட அறிஞர்கள் தொகுத்த விதித்தொகுப்பு), 90ஆம் பிரிவு, நம்பி நடந்தவர் வாக்குறுதியை நிறைவேற்றக் கோரலாம் என்கிறது. 1965இல் விஸ்கான்சினில் நடந்த ரெட் அவுல் வழக்கில் 18,000 டாலர் போதும் என்ற பேச்சை நம்பித் தன் கடையை விற்றவருக்கு, ஒப்பந்தமே உருவாகாத நிலையிலும் நட்டஈடு கிடைத்தது. இந்த அமெரிக்க வடிவத்துக்கு ஜெர்மனில் அருகே இருப்பது 242 அல்ல. பேச்சுவார்த்தைக் காலத்துத் தவறுக்குப் பொறுப்பாக்கும் 311ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு, பழைய பெயர் ‘குல்பா இன் கோன்ட்ராஹெண்டோ’. ஆக, ஒரே ஆங்கிலச் சொற்றொடர். கடலைத் தாண்டினால் ஜெர்மன் இணையும் மாறுகிறது.

ப்ரொப்ரைட்டரி எஸ்டாப்பலுக்கு, அதாவது சொத்து சார்ந்த எஸ்டாப்பலுக்கு, இணை இல்லை, தேடாதீர்கள். சொத்து தருவதாக நம்பிக்கை தருவது, அதை நம்பி நடப்பது, அதனால் இழப்பு: இந்த மூன்றும் சேர்ந்தால் இங்கிலாந்தில் நிலமே கிடைக்கலாம். 2009இல், அப்போது உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த தோர்னர் வழக்கில், சோமர்செட் பண்ணையில் ஏறத்தாழ 30 ஆண்டு கூலியில்லாமல் உழைத்த உறவினருக்கு, உயிலின்றி இறந்தவரின் பண்ணை போனது. இறந்தவர் வெளிப்படையாக வாக்குக் கொடுத்ததில்லை. 1990இல் ஒரு காப்பீட்டுத் தாளைக் கையில் கொடுத்து, ‘இது என் சாவு வரிக்கு’ என்று சொன்னதே முக்கியச் சான்றுகளில் ஒன்று. இதன் பக்கத்தில் 1927இன் ஜெர்மன் வழக்கை வையுங்கள். முதலாளி ஊழியருக்கு வீடு தருவதாகச் சொன்னார். நோட்டரியிடம் போய் எழுதலாமா என்றபோது, தான் பிரபு வம்சம், தன் வாக்கே போதும் என்றார். அக்கால உச்ச நீதிமன்றமான ரைஷ்ஸ்கெரிஷ்ட் ஊழியருக்கு வீட்டைத் தரவில்லை: நில ஒப்பந்தத்துக்கு நோட்டரி வடிவம் கட்டாயம், இல்லாவிட்டால் செல்லாது, அது ஊழியருக்கும் தெரியும். இன்று அந்த விதி 311பி பிரிவில் இருக்கிறது. வடிவக் குறையை 242ஆல் தாண்ட, விளைவு கடுமையாக இருந்தால் போதாது. ‘ஷ்லெஷ்ட்ஹின் உன்ட்ராக்பார்’, அறவே தாங்க முடியாதது, ஆக இருக்க வேண்டும் என்பது நீதிமன்றங்களின் நிலையான சூத்திரம். வாழ்வாதாரமே போவது, மிகக் கொடிய நம்பிக்கைத் துரோகம் என்று இரண்டு வகைகளில்தான் பெரும்பாலும் அடங்கும். பண்ணை வாரிசுரிமையில் 1954இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் வடிவத்தைக் கொஞ்சம் தளர்த்தியது, ஆனால் அது தனித் துறை.

எனவே இந்த வகையைப் பெயர்க்காமல் ‘ப்ரொப்ரைட்டரி எஸ்டாப்பல்’ என்றே விட்டு, முதல் தடவை விளக்கம் சேருங்கள். விளக்கத்தில் ‘ஈக்விட்டி’ வந்தால் ‘பில்லிஷ்கைட்’ என்று மட்டும் எழுதாதீர்கள். அது ஜெர்மனில் நியாயம், நீதிபதியின் தனி மதிப்பீடு என்ற பொருள் தரும். இங்கிலாந்தின் ஈக்விட்டியோ தனி விதிகளும் தனி வரலாறும் உள்ள சட்டக் கிளை.

இனித் தீர்ப்புகளால் வரும் எஸ்டாப்பல். இங்கே தவறினால் பணம் போகும். ‘காஸ் ஆஃப் ஆக்‌ஷன் எஸ்டாப்பல்’ (தீர்ந்துபோன வழக்குக் காரணத்தை மீண்டும் கிளப்ப முடியாமை) என்பதற்கு ‘மட்டெரியெல்லெ ரெஷ்ட்ஸ்க்ராஃப்ட்’ (தீர்ப்பின் முடிவு தரப்புகளைக் கட்டுப்படுத்துவது) ஓரளவு சரி. ‘இஷ்யூ எஸ்டாப்பல்’ என்பதற்கு அதையே போடுவதுதான் பெரிய தவறு. ஜெர்மன் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 322ஆம் பிரிவுப்படி தீர்ப்பு கட்டுப்படுத்துவது கோரிக்கை மீதான முடிவை மட்டும். காரணங்களில் நீதிபதி சொன்ன ‘ஒப்பந்தம் செல்லும்’, ‘அவர் கவனக்குறைவாக இருந்தார்’ போன்ற இடைமுடிவுகள் அடுத்த வழக்கில் கட்டுப்படுத்தாது. அவையும் கட்டுப்படுத்த வேண்டும் என்றால் 256(2)ஆம் பிரிவின் இடைநிலை உறுதிப்படுத்தல் மனுவைப் போட வேண்டும். இங்கிலாந்தின் இஷ்யூ எஸ்டாப்பல் கட்டுப்படுத்துவதோ அந்த இடைமுடிவுகளையேதான். ‘ரெஷ்ட்ஸ்க்ராஃப்ட்’ என்று படித்த ஜெர்மன் வழக்கறிஞர், பாதகமான கண்டறிதல் அடுத்த வழக்கில் துரத்தாது என்று கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்லிவிடுவார். ‘பிண்டுங் ஆன் ஃபெஸ்ட்ஷ்டெல்லுங்கென் ட்ஸூ ஐன்ட்ஸெல்னென் ஷ்ட்ரைட்புங்க்டென்’, தனித்தனிச் சர்ச்சைப்புள்ளிகள் மீதான கண்டறிதல்களுக்குக் கட்டுப்படுதல், என்று நீட்டி எழுதினால்தான் வேறுபாடு கண்ணில் படும்.

உங்கள் மூன்றாவது அகராதியின் ‘ப்ரெக்ளுசியோன்’ இந்த இடத்தில் போலி நண்பன்: ஒலியில் ஒத்து, பொருளில் மாறும் சொல். அமெரிக்கர்கள் இஷ்யூ எஸ்டாப்பலை ‘இஷ்யூ ப்ரிக்ளூஷன்’ என்பார்கள், அங்கிருந்து வந்த இணை அது. ஜெர்மன் நடைமுறைச் சட்டத்தில் அந்தச் சொல் முதலில் நினைவூட்டுவது 296ஆம் பிரிவை: காலம் தாழ்த்திச் சமர்ப்பித்த வாதம் ஏற்கப்படாமல் போவது. நடுவர் தீர்ப்பாயத்தில் ஆட்சேபத்தை உரிய நேரத்தில் எழுப்பாமல் தொடர்ந்து கலந்துகொண்டவருக்கு எதிராக எஸ்டாப்பல் பேசப்பட்டால், அதே நடைமுறைச் சட்டத்தின் 1027ஆம் பிரிவின் தலைப்பே கைகொடுக்கும்: ‘ஃபெர்லுஸ்ட் டெஸ் ர்யூகெரெஷ்ட்ஸ்’, ஆட்சேப உரிமையின் இழப்பு.

எதிர்த்திசைக்கு வருவோம். ஜெர்மன் தீர்ப்பை ஆங்கிலமாக்கும்போது ‘எஸ்டாப்ட்’ என்று எழுதாதீர்கள் என்பதே என் கட்சி. எழுதினால் ஆங்கில வாசகர் உடனே இழப்பு எங்கே, வாதமாக முன்வைத்தார்களா என்று தேடுவார். இங்கிலாந்தில் எஸ்டாப்பலை வாதமாக எடுத்துவைக்க வேண்டும். ஜெர்மனில் 242இலிருந்து வரும் தடையை, வழக்கில் உண்மைகள் இருந்தால், நீதிபதி தானாகவே கவனிப்பார். அதனால்தான் அது ‘ஐன்வெண்டுங்’. காலாவதியைப் போலத் தரப்பு தானே கிளப்ப வேண்டிய ‘ஐன்ரேடெ’ அல்ல. இந்த இரண்டையும் ஆங்கிலத்தில் ‘டிஃபென்ஸ்’ என்று ஒரே பையில் போட்டால் அந்த வேறுபாடு தொலையும். வாதி வடிவக் குறையைக் காட்ட ட்ரொய் உண்ட் க்ளவுபென் தடுக்கிறது என்று ஜெர்மனில் இருந்தால், ஆங்கிலத்தில் நன்னம்பிக்கைக் கோட்பாட்டால் அதை நம்பி வாதாட முடியாமல் தடுக்கப்படுகிறார் என்று ‘ப்ரிக்ளூடட்’ வினையோடு எழுதி, 242ஆம் பிரிவையும் கூடவே குறிப்பிடுங்கள்.

அந்த ‘குட் ஃபெய்த்’ திரும்பி வரும்போது இன்னொரு வழுக்கல் உண்டு. ட்ரொய் உண்ட் க்ளவுபென் என்பது நடத்தைக்கான புறநிலை அளவுகோல். ‘கூட்டெர் க்ளவுபெ’ என்பது மனத்தில் இருந்த நம்பிக்கை. திருட்டுப் பொருள் அல்லாத ஒன்றை உரிமையாளரிடம்தான் வாங்குகிறோம் என்று நம்பி வாங்கியவரைக் காக்கும் பி.ஜி.பி.யின் 932ஆம் பிரிவு இதைச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் இரண்டும் ‘குட் ஃபெய்த்’. எஸ்டாப்பல் பேசும் பத்தியில் பெரும்பாலும் முதலாவதுதான் வரும், ஆனால் நம்பியவரின் மனநிலையைச் சோதிக்கும் வாக்கியத்தில் இரண்டாவது.

‘ஃபெர்விர்குங்’கை ஆங்கிலமாக்குவது இடத்தைப் பொறுத்தது. ஒப்பந்தத்தில் அபராதத் தொகை ‘ஃபெர்விர்க்ட்’ என்றால், மீறல் நடந்து அபராதம் விழுந்துவிட்டது என்று பொருள், உரிமை இழப்பே அல்ல. ஜெர்மன் அரசியலமைப்பின் 18ஆம் விதியில் அடிப்படை உரிமைகளின் ஃபெர்விர்குங் வருகிறது. அங்கே ‘ஃபோர்ஃபிச்சர்’ (உரிமை பறிபோதல்) சரி. வணிகச்சின்னச் சட்டத்தின் 21ஆம் பிரிவில், பின்னால் வந்த சின்னம் பயன்படுவதைத் தெரிந்தே ஐந்து ஆண்டு சகித்திருந்தால் வருவதற்கு ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தின் ஆங்கிலத்தில் ‘அக்வியெஸ்ஸன்ஸ்’ என்று நிலைத்த சொல் உண்டு, அதையே எடுங்கள். மற்ற இடங்களில் ‘நேர்மைக்கு மாறான தாமதத்தால் உரிமையிழப்பு’ என்று ஆங்கிலத்தில் விரித்தெழுதுவது நல்லது. ‘லேச்சஸ்’ (தாமதத்தால் நிவாரணம் இழப்பது) ஆசைகாட்டும். ஆனால் அது ஈக்விட்டி நிவாரணங்களுக்கானது. ஃபெர்விர்குங் சாதாரணப் பணக்கோரிக்கையையும் தாக்கும்.

குத்தகை ஒப்பந்தத்துக்கு வந்தால், இரண்டு வாசகங்கள் கிட்டத்தட்ட நிச்சயம் இருக்கும். ஒன்று, உரிமையைப் பயன்படுத்தாமலோ தாமதித்தோ இருப்பது விட்டுக்கொடுப்போ எஸ்டாப்பலோ ஆகாது என்பது. இங்கேதான் ‘ஃபெர்விர்குங்’ தன் முறைக்கு வருகிறது: பேச்சு தாமதத்தைப் பற்றியது, ஆகவே ‘கில்ட் நிஷ்ட் ஆல்ஸ் ஃபெர்ட்ஸிஷ்ட் உண்ட் ஃப்யூர்ட் நிஷ்ட் ட்ஸுர் ஃபெர்விர்குங்’, விட்டுக்கொடுப்பாகக் கொள்ளப்படாது, உரிமையிழப்புக்கும் வழிசெய்யாது, என்பது இயல்பான பெயர்ப்பு. மற்றது, வங்கியோ வாங்குபவரோ கேட்டால் குத்தகைதாரர் தர வேண்டிய ‘எஸ்டாப்பல் சர்டிஃபிகேட்’. அமெரிக்கப் பழக்கத்திலிருந்து வந்தது: குத்தகை நடப்பில் இருக்கிறது, வாடகை எந்தத் தேதிவரை கட்டப்பட்டிருக்கிறது, முன்பணம் எவ்வளவு, உரிமையாளர் தரப்பில் மீறல் இல்லை என்பவற்றைக் கையெழுத்திட்டு உறுதிசெய்யும் தாள். ‘மீட்டெர்பெஷ்டேட்டிகுங்’ என்றால் ஜெர்மன் சொத்து வழக்கறிஞருக்குப் புரிந்துவிடும். ஆனால் அந்தச் சொல்லில் கட்டுப்படுத்தும் தன்மை தெரியாது. அதனால் குத்தகைதாரர் இதற்கு மாறாகப் பின்னர் வாதிட முடியாது என்ற வாக்கியம் மூலத்தில் இருந்தால் அதை முழுமையாகப் பெயர்க்க வேண்டும், சொன்னதையே திரும்பச் சொல்வது என்று நினைத்து விட்டுவிடக் கூடாது.

வேலை செய்யும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் கோப்பு முழுவதிலும் எஸ்டாப்பல், எஸ்டாப்ட் என்று வரும் இடங்களைத் தேடி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் வகையைக் குறியுங்கள். வெறும் ‘எஸ்டாப்பல்’ என்று மட்டும் இருந்தால் அருகிலுள்ள பத்தியில் காலம், வாக்குறுதி, நிலம், முந்தைய தீர்ப்பு என்று எது பேசப்படுகிறது என்று பாருங்கள். ஒப்பந்தமா தீர்ப்பா என்று பிரியுங்கள்: ஒப்பந்தத்தில் வினை, தீர்ப்பில் அசல் சொல்லும் விளக்கமும். அசல் சொல்லை வைக்கும்போது ஜெர்மனில் அதன் இலக்கணப் பால் சிக்கல் தரும். ஆண்பால் என்று ‘டெர்’ போடுபவரும் உண்டு, அஃறிணைப்பால் என்று ‘டாஸ்’ போடுபவரும் உண்டு. ‘எஸ்டாப்பல்-க்ருண்ட்ஸாட்ஸ்’ என்று கூட்டுச்சொல்லாக்கினால் பின்பகுதியின் பால் முழுச்சொல்லுக்கும் வந்துவிடும், சண்டை இல்லை. சர்வதேசச் சட்ட ஆவணமானால் இந்தக் கவலையே வேண்டாம். ஜெர்மன் சர்வதேசச் சட்ட நூல்களில் எஸ்டாப்பல் அப்படியே புழங்குகிறது. 1969இல் வடகடல் கண்டத்திட்டு வழக்கில் டென்மார்க்கும் நெதர்லாந்தும் இதே வாதத்தை ஜெர்மனிக்கு எதிராக வைத்துத் தோற்றன, அந்த அளவுக்கு அது அங்கே உள்ளூர்ச் சொல்.

‘ரிலையன்ஸ்’ (நம்பி நடத்தல்) என்பதையும் கடைசியாக ஒரு சுற்றுப் பாருங்கள். ‘ஃபெர்ட்ரவுவென்’ என்று மட்டும் எழுதினால் அது மனத்தில் இருக்கும் நம்பிக்கை; ஆங்கிலம் கேட்பது நம்பிச் செய்த செயலை. ‘இம் ஃபெர்ட்ரவுவென் டாராவுஃப் கெஹாண்டெல்ட்’, அதை நம்பிச் செயல்பட்டார், என்றால்தான் கூறு முழுமையாகும்.

அத்தாட்சி பெற்ற பெயர்ப்பாக இருந்தால் விளக்கத்தை மூல வாக்கியத்துக்குள் நுழைக்காமல், சதுர அடைப்புக்குறிக்குள் ‘ஆன்ம். டி. ய்ப்.’ என்ற பெயர்ப்பாளர் குறிப்பாக, முதல் தடவை மட்டும், இரண்டு வரிக்கு மேல் போகாமல் வையுங்கள்: இங்கிலாந்துச் சட்டத்தின் கோட்பாடு, அதன்படி ஒருவர் தன் முந்தைய நடத்தைக்கு முரணாக, அதை நம்பிச் செயல்பட்ட மற்றவருக்கு எதிராக வாதிட முடியாது, 242ஆம் பிரிவோடு ஓரளவு ஒப்பிடத்தக்கது, ஒன்றல்ல. அந்தக் கடைசிச் சொல்லை இடம் போதவில்லை என்று வெட்டிவிடாதீர்கள்.